சவுரி, டோப்பா, பேட்ச்

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. பெண்கள் வைத்தால் சவுரி. ஆண்கள் வைத்தால் டோப்பா. ஏசி ரூமில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, காசு கொடுத்து ஒட்டிக்கொண்டால் ஹேர் பேட்ச். மூன்றும் அடுத்தவர் தலைமுடிதான். ஆனால் சவுரியைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை. டோப்பாவைச் சொல்லாமலே சிரிக்கிறார்கள்.

நான் மூன்றாவது ரகம். இருபத்தாறு வயதில் முன்மண்டை காலியாக ஆரம்பித்து, முப்பதில் பேட்சுக்குப் போனேன். நாலு வருஷமாகிறது. "எப்படிடா இருக்கும், தொப்பி போட்ட மாதிரியா?" என்று விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. தொப்பியை நினைத்தபோது கழற்றலாம்.

முதலில் அந்தப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கொசுவலையைவிடப் பல மடங்கு மெல்லிய வலை, அதுதான் லேஸ். சின்னக் கொக்கி ஊசியால் அதில் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். முன் ஓரத்தை நெற்றியில் பசை வைத்து ஒட்டினால் வலை தோலோடு கலந்து, முடி அங்கேயே முளைத்த மாதிரி தெரியும். நாடக மேடைக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ராஜபார்ட்டின் நெற்றி ஓரமா தெரியப்போகிறது? சினிமாவில் குளோசப் வந்த பிறகு லேஸ் மெலிந்துகொண்டே போனது. இப்போது ஆபீஸ் லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரே குளோசப்தான்.

நாளின் பெரும்பகுதி அது தலையில் இருப்பதே மறந்துபோகும். ஞாபகப்படுத்துவது காற்று. தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. அதில் வாசலோரம் நின்று முகத்தில் காற்று வாங்குவது இந்தப் பக்கத்து ஆட்களின் பரம்பரைச் சொத்து. பல்லாவரம் தாண்டி வண்டி வேகம் எடுக்கும்போது காற்று என் முடியைத் தொடும், தலையைத் தொடாது. முடி பறப்பது கண்ணுக்குத் தெரியும், மண்டைக்குத் தெரியாது. பழகவே பழகாத ஒரு விஷயம் இருக்கிறதென்றால் அதுதான். இன்னொன்று மே மாதம். வலைக்கு அடியில் வியர்வை ஊறி, பொட்டருகே பசை வெள்ளையாகக் கலங்கும். கர்சீப்பால் துடைக்கக்கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றும்போது பின்பக்கமிருந்து தூக்க வேண்டும். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ளும்போது ஒரு கை எப்போதும் தயாராக இருக்கும். எங்கள் பக்கத்து போர் தண்ணியின் உப்பில் பேட்ச் முடி இரண்டே வாரத்தில் தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். கேன் தண்ணியில் தலை குளிக்கிற ஆடம்பரக்காரன் நான்!

யாரும் சொல்லாத ஒன்று: பேட்ச் நன்றாக ஒட்ட வேண்டுமென்றால் அடியில் இருக்கிற மிச்சமீதி முடியை மழித்துவிட வேண்டும். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, கழுவி, மழித்து, மறுபடி ஒட்டுவார்கள். "அண்ணா, கண்ண மூடிக்கோங்க" என்று அந்தத் தம்பி ரேசரை எடுக்கும்போதெல்லாம் எனக்கு மொட்டை ஞாபகம்தான் வரும். வேண்டுதலே இல்லாமல் மாசாமாசம் அரை மொட்டை.

கடையில் இதை 'டெம்பிள் ஹேர்' என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். விளம்பர வார்த்தைதான் என்றாலும் அதற்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. திருமலை கல்யாணகட்டாவில் இரவு பகலாக முடி இறக்குகிறார்கள். பழனி, திருத்தணி, சமயபுரம் என்று நம் கோயில்களிலும் குவிகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் 2021இலிருந்து மொட்டைக்குக் கட்டணம்கூடக் கிடையாது. குவிந்த முடி ஏலம் போகிறது. திருப்பதி தேவஸ்தானத்துக்கு முடி ஏலத்தில் மட்டும் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வந்த ஆண்டுகள் உண்டு. கோயில் முடிக்கு இந்த விலை ஏனென்றால், கொத்தாக இறங்குவதால் எல்லா இழையும் வேரிலிருந்து நுனிவரை ஒரே திசையில் கிடக்கும். முடியின் மேல்தோல் மீன் செதில் மாதிரி. திசை மாறிக் கலந்தால் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகும். சீப்பில் வரும் முடியை மலிவாக எடுப்பது அதனால்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது திருமலையின் நீலாதேவி கதை. புற்றுக்குள் இருந்த பெருமாளின் தலையில் இடையன் வீசிய கோடாரி பட்டு, அந்த இடத்தில் முடி போய்விடுகிறது. கந்தர்வ இளவரசி நீலாதேவி அதைப் பார்த்துத் தன் கூந்தலில் ஒரு பகுதியை வெட்டி அங்கே பொருத்துகிறாள். ஏழு மலையில் ஒன்றான நீலாத்ரி அவள் பேரில்தான் இருக்கிறது. பக்தர்கள் தரும் முடி அவளுக்குச் சேர்கிறது என்பது நம்பிக்கை. அதாவது முடி காணிக்கையின் மூலக்கதையே ஒரு ஹேர் பேட்ச் கதை. கொடுத்தவளுக்கு மலை கிடைத்தது. வைத்துக்கொண்டவரை யாரும் கேலி செய்யவில்லை.

மலையிறங்கிய முடிக்குப் பக்தியெல்லாம் தெரியாது, அரசியல்தான். 1960களில் அமெரிக்காவில் விக் ஃபேஷனாகி, சீன முடி கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. 1965இல் அமெரிக்கா 'கம்யூனிஸ்ட் முடி' வேண்டாமென்று தடை போட்டது. தென் கொரியா விக் ஏற்றுமதியில் எழுந்து நின்றது அந்த இடைவெளியில்தான். இந்திய முடிக்கும் அப்போது கதவு திறந்தது. சென்னை ஏற்றுமதியாளர்கள் வளர்ந்தார்கள். அப்புறம் 2004 மே மாதம். திருமணமான வைதீக யூதப் பெண்கள் சொந்த முடியை மறைக்க விக் வைப்பார்கள். அந்த விக்குகளில் இருப்பது திருப்பதி முடி என்று தெரிந்ததும், விக்கிரக வழிபாட்டுக்குக் கொடுத்த பொருளைப் பயன்படுத்தக்கூடாதென்று ஜெருசலேமின் மூத்த ரப்பி எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விக்குகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். பழனியிலோ திருப்பதியிலோ முடியிறக்கிய யாருக்கும் அது தெரிந்திருக்காது. நம் ஊரில் மொட்டை போட்டவர் முடியை அங்கேயே விட்டுவிட்டுத் தலையில் சந்தனத்தோடு இறங்கிவிடுகிறார்.

இன்று முடிச்சுப் போடும் வேலையில் பெரும்பங்கு சீனாவில், குறிப்பாக ஹெனான் மாகாணத்து ஷூசாங் பக்கம். கொஞ்சம் எல்லை தாண்டியும் போகிறது: 2023இல் வட கொரியா சீனாவுக்கு அனுப்பியதாகக் கணக்கில் வந்த ஏற்றுமதியில் ஏறக்குறைய 60 சதவீதம் போலி இமை, தாடி, விக் வகையறா. 'கம்யூனிஸ்ட் முடி' கடைசியில் ஜெயித்துவிட்டது. பதப்படுத்தாத முடி அப்படியே வெளியே போவதற்கு 2022இல் இந்தியா கட்டுப்பாடு கொண்டுவந்தது; இங்கே உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறவர்களுக்கு அதனால் வேலை மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் வெட்கம் மட்டும் எங்கிருந்து வந்தது? சவுரிக்கு அது இல்லை. சண்முகம் ரோடு ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில் வளையலுக்குப் பக்கத்திலேயே சவுரி தொங்கும், இப்போது பெரும்பாலும் நைலான். என் பாட்டி சீப்பில் வந்த முடியைச் சுருட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைப்பாள். முடிக்காரர் தெருவுக்கு வந்தால் ஊக்கோ ஹேர்பின்னோ மாற்றிக்கொள்வாள். கல்யாணத்துக்குச் சவுரி வைத்துப் பின்னுவது எல்லாருக்கும் தெரிந்தே நடக்கும். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டார்கள். சிவாஜி கணேசனே சீதை வேஷம் கட்டியவர். கூந்தல் பொய் என்று தெரிந்தேதான் சபை அழுதது.

சவுரி என்ற சொல்லே கவரி, சாமரத்தின் உறவு. இமயமலை எருதின் வால்முடி அது, ராஜாக்களுக்கு வீசியது. திருக்குறள் 969இல் மயிர் போனால் உயிர் வாழாது என்று வருகிற கவரிமாவும் அதுதான், நாம் மானாக்கிவிட்டோம். புறநானூறு 132இல் அது இமயத்தில் புல் மேய்கிறது. முடி போனால் மானம் போச்சு என்பதற்கு உதாரணமாக நிற்கும் அதே விலங்கு இரவல் முடிக்கும் பெயர் கொடுத்திருக்கிறது. தமிழ் ரொம்ப நக்கல் பிடித்த மொழி.

என் கணிப்பு இதுதான்: சவுரி இருப்பதோடு சேர்ப்பது, டோப்பா இல்லாததை மறைப்பது என்று நாமே பிரித்துவைத்திருக்கிறோம். ஆண் எதையாவது மறைத்தால் அதைப் பிடுங்கிக் காட்டுவது நமக்குப் பொழுதுபோக்கு. டோப்பா பறக்கிற காமெடி சீன் எத்தனை படத்தில்! முதலமைச்சரான பிறகு வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாத எம்.ஜி.ஆரை ஜனங்கள் பார்த்தது அரிது. ரஜினிகாந்த் நேரெதிர். திரையில் அடர்ந்த முடி, வெளியே வழுக்கையும் நரையும். அதற்காக அவர் மார்க்கெட் ஒரு ரூபாய் இறங்கவில்லை. எல்லாரும் அதை உதாரணமாகச் சொல்கிறார்கள். ரஜினியாக இருந்தால் நானும் அப்படிப் போவேன். பொண்ணு பார்க்கப் போகிற இடத்தில், அவர்கள் வீட்டுப் பெரியப்பா கண் என் நெற்றிக்கு மேலே ஏறுவதைப் பார்த்தவன் நான்.

கீமோவில் முடி இழந்தவர்கள் இதைப் படித்தால் என் புலம்பல் சின்னதாகத் தெரியும். சென்னைக் கல்லூரிகளில் பெண்கள் அவர்களுக்கான விக்குக்கென்று பின்னலை வெட்டிக் கொடுக்கிறார்கள். அங்கே கொடுப்பவருக்கும் வைத்துக்கொள்பவருக்கும் நடுவில் ஏலம் இல்லை.

ஒரு பேட்ச் ஆறு மாதம் தாங்கும். அப்புறம் வலை கிழிய ஆரம்பிக்கும், முடி செம்பட்டையாகிவிடும். முதல் பேட்சை நான் குப்பைப் பையில் போட்டதைப் பார்த்து அம்மா அதை வெளியே எடுத்தாள். எனக்காகத் திருத்தணியில் இரண்டு முறை முடி கொடுத்தவள். "யாரோ எதுக்கோ வேண்டிக்கிட்டு குடுத்ததுடா, இதோட போய் போடுவியா?" என்றாள். கடலில் விடுவதா, மண்ணில் புதைப்பதா என்று அவளுக்கும் பிடிபடவில்லை. இதுவரை ஏழு சேர்ந்திருக்கிறது, பரணில், பிஸ்கட் டின்னில்.