மாடிப்படிக்கு என்ன நிறம்? - ஒரு சின்ன வரலாறு



வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது என்று முடிவானதும் கடையிலிருந்து ஷேட் கார்டு வரும். அதை வைத்துக்கொண்டு ஹாலுக்கு என்ன நிறம், படுக்கை அறைக்கு என்ன நிறம் என்று வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். கடைசியாக மாடிப்படி என்று வரும்போது எல்லோருக்கும் களைப்பு வந்துவிடும். "அதுக்கு என்ன, மிச்சம் இருக்கறதை அடிச்சு விடுங்க" என்று யாராவது ஒருவர் சொல்ல, விவாதம் முடிந்தது!

ஆனால் மாடிப்படியின் நிறத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஷேட் கார்டு சொல்லாத மூன்று விஷயங்கள் அந்த வரலாற்றில் இருக்கின்றன: விலை, அழுக்கு, விஷம். காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் விலையிலிருந்தே தொடங்குகிறேன். :-)

கல் நிறம்

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயின்ட் இப்போது போல டப்பாவில் தயாராக வரவில்லை. வெள்ளை ஈயம் என்ற வெள்ளைப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்து, அதில் நிறப்பொடிகளைக் கலந்து உருவாக்கினார்கள். (தகரத்தைத் தமிழில் வெள்ளீயம் என்போம். அது வேறு, இது வேறு. இது ஈயத்தைப் புளிக்காடியின் ஆவியில் அரிக்க வைத்து எடுக்கும் ஈயக் கார்பனேட். ரோமானியர் காலத்திலிருந்தே தெரிந்த பொருள்.)

அந்தக் கால வீடுகளில் வாசல் கூடத்துக்கும் மாடிப்படிக்கும் அதிகம் அடிக்கப்பட்டது "கல் நிறம்". வெள்ளை ஈயத்தில் கொஞ்சம் காவி மண், கொஞ்சம் பழுப்பு மண் கலந்தால் அது கிடைத்துவிடும். பெரிய மாளிகைகளில் கூடமும் படிகளும் நிஜமான கல்லில் இருந்தன. கல் வைக்க வசதி இல்லாதவர் கல்லின் நிறத்தையாவது வைத்துக்கொண்டார். தெருவிலிருந்து உள்ளே வருகிறவருக்கும் வெளிச்சுவரின் தொடர்ச்சி போலத் தோன்றும்.

இதில் அழகை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வீட்டிலேயே மிக உயரமான சுவர் மாடிப்படியின் சுவர்தான். இரண்டு மாடி உயரம் போகும். ஆனால் யாரும் அங்கே உட்கார்ந்து பேசுவதில்லை, ஏறிப் போய்விடுகிறார்கள். அதிக பரப்பளவு, குறைந்த நேரம். கணக்குப் போடுகிற எவரும் அங்கே விலை குறைந்த நிறத்தைத்தான் அடிப்பார்.

அன்று நிறங்களுக்கு நிறம் விலை மாறியது. கல் நிறம், சாம்பல், க்ரீம் எல்லாம் மலிவு. நல்ல அடர்பச்சை இவற்றைவிடப் பல மடங்கு விலை, ஏனென்றால் அதற்கு வேண்டிய பச்சைப் பொடியைச் செப்புத் தகடுகளைப் புளிக்கவைத்த திராட்சைச் சக்கையோடு அடுக்கி, அரித்து, சுரண்டி எடுக்க வேண்டும். ஆகவே பச்சை அடித்த அறைக்கு விருந்தாளியை அழைத்துப் போவதே ஒரு வகையில் தன் வசதியைச் சொல்லாமல் சொல்வதுதான். அந்த விருந்தாளி ஏறி வந்த படிக்கட்டு மட்டும் கல் நிறத்தில் இருக்கும்.

மரம் மாதிரி ஒரு மரம்

அடுத்த உதாரணத்துக்கு அமெரிக்கா போவோம். முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1797-ல் பதவிக்காலம் முடிந்து வர்ஜீனியாவில் இருந்த மவுண்ட் வெர்னான் என்ற தன் வீட்டுக்குத் திரும்பினார். வீட்டின் நடுவே மாடிப்படி இருக்கும் பெரிய கூடம். அதன் சுவர்ப் பலகைகள் சாதாரண பைன் மரம். அதே ஆண்டு அந்தப் பலகைகள் மஹோகனி மரம் போலத் தெரியும்படி வண்ணம் தீட்டப்பட்டன. நாட்டின் முதல் குடிமகனாக இருந்தவர் வீட்டிலேயே டூப்ளிகேட் மஹோகனி!

முறை எளிது, கைவேலைதான் கடினம். முதலில் ஒரு வெளிர் நிறப் பூச்சு. அது காய்ந்ததும் மேலே ஒரு மெல்லிய பழுப்புப் பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே தூரிகை, சீப்பு, துணி இவற்றால் இழுத்து மரத்தின் ரேகைகளை வரைவார்கள். கடைசியில் வார்னிஷ்.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க வீடுகளிலும் இந்தப் பழக்கம் பரவியது. மலிவான பைன் படிகளின் நடுவில் ஒரு கம்பளம் ஓடும். கம்பளம் மறைக்காத இரண்டு ஓரங்களுக்கு மட்டும் அடர் பழுப்பு பெயின்ட். மறைகிற இடத்துக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

கை படும் உயரம்

இப்போது அழுக்கு. 19-ஆம் நூற்றாண்டு நகர வீடுகளில் நிலக்கரி அடுப்பு, கேஸ் விளக்கு, இரண்டின் கரியும் மாடிப்படி வழியாகத்தான் மேலே ஏறும். வேலைக்காரர்கள் நிலக்கரி வாளியையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கிக்கொண்டு போவதும் அதே வழியாக. வாளி சுவரில் இடிக்கும், பாவாடை உரசும், கை தடவும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, சுவரை இடுப்பு உயரத்தில் குறுக்காகப் பிரிப்பது. கீழ்ப்பகுதிக்கு அடர் பழுப்பு, அடர்பச்சை, மெரூன் போன்ற நிறங்கள், மேலே வார்னிஷ். மேல்பகுதிக்கு வெளிர் நிறம். லினோலியத்தைக் கண்டுபிடித்த ஃபிரெடெரிக் வால்டன் 1877-ல் லின்க்ரஸ்டா என்ற புடைப்பு வேலை செய்த சுவர் உறையைக் கொண்டுவந்தபோது அது அதிகம் போய் ஒட்டிக்கொண்டதும் கூடங்கள், மாடிப்படிகளின் இந்தக் கீழ்ப்பகுதியில்தான். ஈரத்துணியால் துடைக்கலாம், இடித்தாலும் தாங்கும்.

நம்ம ஊர் பழைய ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடப் படிக்கட்டுகளை நினைத்துப் பாருங்கள். கீழ்ப்பாதி பளபளவென்று எனாமல், மேல்பாதி சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர். அழகே இல்லை என்று நாம் கிண்டல் செய்யும் அந்த இரட்டை நிறத்துக்குப் பின்னால் இதே கணக்குதான் இருக்கிறது. கை படும் உயரம் வரை கழுவக்கூடிய பெயின்ட், அதற்கு மேல் மலிவான பூச்சு.

கைப்பிடியில் இருந்த விஷம்

கை படும் உயரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கேதான் இந்த வரலாறு கொஞ்சம் பயமுறுத்துகிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகரில், 1890-களிலேயே மருத்துவர்கள் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஈய விஷத்தின் அறிகுறிகள்! மணிக்கட்டு தொங்கிப்போகிறது, பார்வை பாதிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு வந்தால் ஈயத் தொழிற்சாலை, பெயின்டர் வேலை என்று காரணம் சொல்லலாம். குழந்தைக்கு எங்கிருந்து வந்தது?

கண் மருத்துவரான ஜே. லாக்ஹார்ட் கிப்சன் 1904-ல் ஒரு கட்டுரையில் விடையைச் சொன்னார்: வீட்டு வராந்தாவின் பெயின்ட் அடித்த கிராதிகளும் அறைச் சுவர்களும்தான் காரணம். பிரிஸ்பேன் வீடுகள் பல, தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய மர வீடுகள். சுற்றிலும் வராந்தா, ஏறுவதற்கு முன்படிகள். கடும் வெயிலில் கிராதியின் பெயின்ட் பொடியாகிவிடும். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு விளையாடும், பிறகு விரலை வாயில் வைக்கும். அவ்வளவுதான்.

உடனே யாரும் கேட்கவில்லை. குழந்தைகளின் கை எட்டும் வெளிப்புற இடங்களில் ஈய பெயின்டைத் தடுக்கும் சட்டம் குவீன்ஸ்லாந்தில் 1922-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1921-ல், ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளை ஈயத்தைத் தடை செய்யும் உடன்படிக்கையை (சில விதிவிலக்குகளோடு) நிறைவேற்றியது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அங்கே நேஷனல் லெட் என்ற பெரிய கம்பெனியின் சின்னமே கையில் தூரிகையோடு நிற்கும் ஒரு சிறுவன். 1920-களில் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் மூலமாகவும் அந்தக் கம்பெனி ஈய பெயின்டை விளம்பரம் செய்தது. அமெரிக்காவில் வீட்டு பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல். கிப்சனின் கட்டுரை வெளிவந்து 74 வருடங்கள் கழித்து!

ஏன் இவ்வளவு தாமதம்? வெள்ளை ஈயம் நல்ல சரக்கு என்பதுதான் காரணம். நன்றாக மூடும், நீண்ட நாள் உழைக்கும், மழையைத் தாங்கும். வாங்குகிறவருக்கு லாபம், விற்கிறவருக்கும் லாபம். நஷ்டம் மட்டும் இந்த இரண்டு பேர் கணக்கிலும் வராத மூன்றாவது ஆளுக்கு. பொருளாதாரப் பாடத்தில் இதற்குப் "புறவிளைவு" என்று பெயர் கொடுத்துப் படம் போட்டு விளக்குவார்கள். படம் இல்லாமலே புரிய வேண்டுமானால், படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் இரண்டு வயதுக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு மணலிலிருந்து வெள்ளை பெயின்ட்

ஈயத்துக்கு மாற்று எங்கிருந்து வந்தது தெரியுமா? அதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை வணிக ரீதியாகத் தயாரிப்பது 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. மூடும் திறனில் வெள்ளை ஈயத்தையே மிஞ்சும், ஆனால் அந்த விஷம் இல்லை. இதற்கான மூலப்பொருள்களில் முக்கியமானது இல்மனைட் என்ற கறுப்புத் தாது. அது மணவாளக்குறிச்சி முதல் கொல்லம் வரையிலான கடற்கரை மணலில் கொட்டிக் கிடந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1920-களிலிருந்து அங்கிருந்து இல்மனைட் கப்பலேறியது. 1946-ல் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் ப்ராடக்ட்ஸ் தொடங்கப்பட்டது. நம் கடற்கரையின் கறுப்பு மணல்தான் எங்கோ ஒரு வீட்டுப் படிக்கட்டுச் சுவரை வெள்ளையாக்கியது!

ஆனால் வெள்ளையில் ஈயம் போய்விட்டதால் எல்லா நிறத்திலும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் தருவதற்கு ஈயக் குரோமேட் சார்ந்த நிறப்பொடிகள் மலிவாகக் கிடைத்தன. எண்ணெய் சார்ந்த எனாமலில் அவை தொடர்ந்து சேர்ந்தன. சுவருக்கு நாம் அடிப்பது தண்ணீரில் கலக்கும் எமல்ஷன். கைப்பிடிக்கும் கம்பிக் கிராதிக்கும் அடிப்பதுதான் எனாமல். அதாவது, கை படாத இடத்தைவிடக் கை படுகிற இடத்தில்தான் ஈயத்துக்கு அதிக வாய்ப்பு.

இந்தியாவில் வீட்டு மற்றும் அலங்கார பெயின்ட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உச்சவரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. அமெரிக்காவில் 2009 முதல் இருக்கும் அளவும் இதேதான். காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் 2017-க்கு முன்னால் அடித்த பெயின்டை எந்தச் சட்டமும் போய்ச் சுரண்டி எடுக்கவில்லை. பழைய கிராதிகளில் பெயின்ட் உரிந்த இடத்தைப் பாருங்கள். பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே சிவப்பு என்று அடுக்கடுக்காகத் தெரியும். அந்த அடுக்குகளில் எதில் ஈயம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, என்ன நிறம்தான் அடிப்பது?

வரலாறு படித்துவிட்டு ஷேட் கார்டுக்குத் திரும்பினால் சில விஷயங்கள் தெளிவாகின்றன.

1. கீழே அடர் நிறம், மேலே வெளிர் நிறம் என்பது பழைய ஃபேஷன் என்று ஒதுக்க வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இடுப்பு உயரம் வரை கழுவக்கூடிய பெயின்ட் அடித்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுவர் முழுக்க அடிக்கும் செலவு மிச்சம்.

2. படியின் விளிம்புக்கு வேறு நிறம் கொடுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இரவில் விளக்குகளை அணைத்து வைத்த காலத்தில், ஜனங்கள் தடுக்கி விழாமல் இருக்க நடைபாதை ஓரக் கற்களுக்கும் மரங்களின் அடிப்பகுதிக்கும் வெள்ளை அடித்தார்கள். கரண்ட் போன இரவில் தாத்தா பாட்டிகளுக்கும் அதே வெள்ளைக் கோடு உதவும். படியும் விளிம்பும் ஒரே நிறத்தில் இருந்தால் பார்க்க அழகு, இறங்க ஆபத்து.

3. கைப்பிடிக்கும் கிராதிக்கும் வாங்கும் எனாமல் டப்பாவில் ஈய அளவு பற்றிய அறிவிப்பு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். லேபிள் இல்லாத மலிவு டப்பாவை, அதிலும் பளிச் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பை, எடுக்காதீர்கள்.

4. மிக முக்கியம். பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். ஈயம் தூசியாகப் பறந்து வீடு முழுக்கப் படியும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்கும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம். தேய்க்கிற பெயின்டருக்கும் ஒரு நல்ல முகமூடி அவசியம். 1921-ல் ஜெனிவாவில் அந்த உடன்படிக்கையை எழுதியதே பெயின்டர்களைக் காப்பாற்றத்தான்.

இந்த நாலையும் பார்த்த பிறகு, மிச்சமுள்ள நிறங்களில் எது வேண்டுமானாலும் உங்கள் இஷ்டம். கல் நிறமானாலும் சரி, வாஷிங்டன் வீட்டு மஹோகனி ஆனாலும் சரி. பெயின்ட் கடை பில்லில் லிட்டர் விலை மட்டும்தான் இருக்கும். கைப்பிடியைப் பிடித்து ஏறப்போகிற சின்னக் கை அந்த பில்லில் வராது. அதை நாம்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.