காவிரிப் படுகையில் நெல் விளைச்சல் மதிப்பீடும் பல்நிலை மாதிரியும்

பல்நிலை மாதிரி என்பது குழுக்களாக அமைந்த தரவுகளைப் பகுத்தாயும் புள்ளியியல் முறையாகும். மல்டிலெவல் மாடல், படிநிலை மாதிரி என்ற பெயர்களாலும் இது வழங்கப்படுகிறது. மாணவர்கள் வகுப்புகளாகவும், வகுப்புகள் பள்ளிகளாகவும் அமைவதைப் போல, வயல்கள் ஊர்களாகவும், ஊர்கள் குறுவட்டங்களாகவும் (பிர்க்கா), குறுவட்டங்கள் வட்டங்களாகவும் அமைந்துள்ளன. ஒரே குழுவில் இருப்பவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். இந்த ஒப்புமையைக் கணக்கில் கொள்ளாமல் எடுக்கும் சராசரியும் அதன் பிழையும் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

இம்முறை பெயர் பெற்றது 1980களில்தான். ஆனால் அதன் அடிப்படைச் சிக்கலை இந்தியாவின் நெல் வயல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே எழுப்பிவிட்டன. தஞ்சாவூர் முதலிய காவிரிப் படுகை மாவட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வேலியும் கலமும்

நிலத்தை ஊர்வாரியாகவும் தரவாரியாகவும் பிரித்து விளைச்சலைக் கணக்கிடும் வழக்கம் படுகையில் மிகப் பழையது. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களைப் பட்டியலிடுகின்றன. ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பு, அதில் வரி நீங்கிய நிலம், எஞ்சிய நிலத்துக்கு அளக்க வேண்டிய நெல் ஆகியவை வேலிக்கணக்கிலும் கலக்கணக்கிலும் பதிவாகியுள்ளன. பரப்பு வேலியின் மிகச் சிறிய பின்னங்கள் வரை கணக்கிடப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சியின் இரயத்துவாரி நிலவரித் திட்டமும் பாசன வசதியை வைத்து ஊர்களைத் தொகுத்து, மண்ணின் இயல்பை வைத்துத் 'தரம்' பிரித்தது.

இவ்விரண்டிலும் ஓர் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. விளைச்சலின் ஒரு பகுதி வயலைச் சார்ந்தது. மற்றொரு பகுதி அந்த வயல் இருக்கும் ஊரைச் சார்ந்தது.

அணாக் கணக்கிலிருந்து அறுவடைச் சோதனைக்கு

ஆங்கிலேயர் காலத்தில் ஆண்டுதோறும் வெளியான விளைச்சல் புள்ளிவிவரம் மூன்று எண்களின் பெருக்கமாக இருந்தது: பயிரிட்ட பரப்பு, 'இயல்பான' விளைச்சல், அவ்வாண்டுப் பயிரின் நிலை. பயிரின் நிலையை ஊர் அலுவலர்கள் கண்பார்வையால் மதிப்பிட்டு, நாட்டின் பல பகுதிகளில் அணாக் கணக்கில் எழுதி அனுப்பினர். நிலத்தீர்வை குறைக்கப்பட வேண்டுமா என்பதும் இதே மதிப்பீட்டோடு தொடர்புடையதாக இருந்ததால் எண்ணில் சாய்வு புகுவதற்கு இடமிருந்தது.

இதற்கு மாற்றைக் காட்டியவர் ஜே. ஏ. ஹப்பாக் என்னும் ஐ.சி.எஸ். அலுவலர். பீகார்-ஒரிசா மாகாணத்தில் 1920களில் நெல் வயல்களில் வாய்ப்பு முறையில் சிறு துண்டுகளைத் தேர்ந்து அறுத்து எடை போட்டார். அவரது அறிக்கை 1927இல் வெளியாயிற்று. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பி. சி. மகலனோபிஸ் 1937 முதல் வங்காளத்துச் சணல் பயிர்க் கணக்கெடுப்பில் கூறெடுப்பு முறையை விரிவாக வளர்த்தார்.

1940இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் புள்ளியியல் பிரிவில் சேர்ந்த பி. வி. சுகாத்மே, வி. ஜி. பான்சேயுடன் இணைந்து இன்றளவும் நடைமுறையில் இருக்கும் முறைக்கு வடிவம் தந்தார். மிகச் சிறிய துண்டுகளை அறுத்தால் எல்லையோரத்துச் செடிகள் உள்ளே சேர்ந்துகொண்டு விளைச்சல் மிகையாகத் தெரியும் என்பதைச் சுகாத்மே எண்களால் நிறுவினார். துண்டின் அளவு பற்றி இவருக்கும் மகலனோபிசுக்கும் நிகழ்ந்த கருத்துவேறுபாடு இந்தியப் புள்ளியியல் வரலாற்றில் பெயர் பெற்றது.

சோதனை நடக்கும் விதம்

பொதுப் பயிர் மதிப்பீட்டு ஆய்வில் வட்டம் போன்ற நிர்வாகப் பகுதி ஓர் அடுக்காகக் கொள்ளப்படும். அதற்குள் வாய்ப்பு முறையில் ஊர்களும், ஊருக்குள் அடங்கலைக் கொண்டு புல எண்களும் தேர்ந்தெடுக்கப்படும். பெரும்பாலும் ஓர் ஊரில் ஒரு பயிருக்கு இரண்டு வயல்கள். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து வாய்ப்பு எண்களின்படி நடந்து சென்று முளை அடிப்பார்கள். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் ஒரு சதுரம் கயிற்றால் வளைக்கப்படும். மூலைவிட்டம் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் சதுரம் கோணாமல் இருப்பது உறுதியாகும். அதற்குள் உள்ள கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டரில் 13 கிலோ கிடைத்தால் எக்டேருக்கு 5,200 கிலோ. ஈர நெல் காய்ந்தால் எவ்வளவு குறையும் என்பதற்குத் தனிச் சோதனை உண்டு.

ஊருக்கு இரண்டே வயல் ஏன்? ஓர் ஊருக்குப் போனவர்கள் அங்கேயே எட்டு வயல்களில் அறுத்துவிட்டால் அலைச்சல் மிச்சமல்லவா? இக்கேள்விக்கான விடையில்தான் பல்நிலை மாதிரியின் வேர் இருக்கிறது.

எண்பது வயல் எப்போது எண்பது ஆகாது

கல்லணையில் காவிரி நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. பழைய படுகையின் வண்டல் களிமண் ஒரு வகை. மேட்டூர் அணை கட்டப்பட்ட 1934ஐ ஒட்டிக் கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதி மண் வேறு வகை. தலைமடை ஊருக்கு நீர் முன்னே வரும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குப் பின்னே வரும். அங்கே உவர்நீர்ச் சிக்கலும் வடிகால் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே ஒரே ஊரில் எட்டு வயல்களை அறுத்தால் ஒரே வாய்க்கால், ஒரே மண், ஒரே வடிகால் ஆகியவற்றின் விளைவையே எட்டு முறை அளக்கிறோம். இந்த ஒப்புமையின் அளவை 'உள்வகுப்பு ஒட்டுறவு' என்பர். ஆர். ஏ. பிஷர் 1925இல் வெளியிட்ட புள்ளியியல் நூலில் இது விளக்கப்பட்டுள்ளது. விளைச்சலின் மொத்தப் பரவற்படியில் ஊர்களுக்கு இடையிலான பரவற்படியின் பங்கு எவ்வளவு என்பதே அது.

அப்பங்கு 0.5 என்று எடுத்துக்கொள்வோம் (இது விளக்கத்துக்கான எண் மட்டுமே). ஓர் ஊரில் ம வயல்கள் எனில் பரவற்படி 1 + (ம – 1) × 0.5 மடங்கு கூடும்.

* 10 ஊர், ஊருக்கு 8 வயல்: 1 + 7 × 0.5 = 4.5. அறுத்தவை 80; தகவல் மதிப்பு 80 ÷ 4.5, அதாவது ஏறக்குறைய 18 வயல்.
* 40 ஊர், ஊருக்கு 2 வயல்: 1 + 1 × 0.5 = 1.5. அறுத்தவை அதே 80. தகவல் மதிப்பு 80 ÷ 1.5, அதாவது ஏறக்குறைய 53 வயல்.

இதே சிக்கல் ஆண்டுகளுக்கும் உண்டு. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படாவிட்டால் குறுவை படுகை முழுவதும் பாதிக்கப்படும். ஆயிரம் வயல்களில் அறுத்தாலும் ஆண்டு ஒன்றே ஒன்றுதான். 1960–61இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அத்தகைய திட்டத்தின் பயனை ஒரு மாவட்டத்தின் சில ஆண்டு விளைச்சலை மட்டும் வைத்து அளப்பது கடினம். உரத்தின் பயனையும் பருவமழையின் பயனையும் பிரிக்க, வயல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது உதவாது.

மறுபுறம், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்திய ஊர்கள் பற்றிய நூலில் தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் இடம்பெற்றது. இத்தகைய ஆய்வு ஓர் ஊரை ஆழமாகக் காட்டும். ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டை ஓர் ஊரால் காட்ட முடியாது.

வகுப்பறையிலிருந்து வந்த பெயர்

வயலில் அறியப்பட்ட இந்த உண்மை கல்வி ஆய்வில் தாமதமாகவே உணரப்பட்டது. இங்கிலாந்தில் நெவில் பென்னட் 1976இல் வெளியிட்ட ஆய்வு, மரபுவழிக் கற்பித்தலே சிறந்தது என்ற முடிவுக்கு வந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதில் மாணவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிச் சான்றாக எண்ணப்பட்டிருந்தனர். ஓர் ஆசிரியரிடம் படிக்கும் முப்பது பேரும் அவரது திறமையையும் குறையையும் பகிர்ந்துகொள்பவர்கள். கற்பித்தல் முறைக்கு அவர்கள் முப்பது சான்றுகள் ஆகமாட்டார்கள். 1981இல் எயிட்கின், ஆண்டர்சன், ஹைண்ட் ஆகியோர் வகுப்புகளைக் கணக்கில் கொண்டு மீளாய்வு செய்தபோது, பென்னட் கண்ட வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக நிலைக்கவில்லை.

இதன் பின்னர் 1986இல் ஹார்வி கோல்ட்ஸ்டைன் பல்நிலை மாதிரிக்கான கணக்கீட்டு முறையை வெளியிட்டார். 1992இல் பிரிக், ராடன்புஷ் ஆகியோரின் நூல் இதைப் பரவலாக்கியது. இம்மாதிரியில் ஒரு வயலின் விளைச்சல் பின்வருமாறு எழுதப்படும்:

வயலின் விளைச்சல் = பகுதியின் சராசரி + ஊரின் விலகல் + வயலின் விலகல்

விதை இரகம், நடவு நாள், உரம் ஆகியவை வயல் நிலைக் காரணிகள். வாய்க்காலில் ஊரின் இடம், வடிகால், மண் ஆகியவை ஊர் நிலைக் காரணிகள். ஒவ்வொன்றையும் அதனதன் நிலையில் சேர்க்கலாம். உரத்தின் பயன் உவர் நிலத்து ஊரில் ஓர் அளவும் வண்டல் நிலத்து ஊரில் வேறு அளவும் இருக்கவும் இம்மாதிரி இடம் தரும்.

பயிர்க் காப்பீட்டில் இதன் விளைவு

1985இல் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டமும், 1999இல் தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டமும், 2016இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் வந்தபின் அறுவடைச் சோதனை நேரடியாக உழவரின் கைக்கு வரும் பணத்தைத் தீர்மானிப்பதாயிற்று. இவை 'பகுதி' அடிப்படையிலானவை. அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சல் உத்தரவாத விளைச்சலை விடக் குறைந்தால், அந்த விகிதத்தில் அங்குள்ள காப்பீடு செய்த அனைவருக்கும் இழப்பீடு உண்டு. குறையாவிட்டால், பொதுவான மழை வெள்ளச் சேதத்தில் முழுதும் அழுகிய வயலுக்கும் இக்கணக்கில் எதுவும் கிடைக்காது. தாழ்வான மூலையில் இருப்பவரின் இழப்பு மேட்டு வயல்களின் சராசரியில் மறைந்துவிடும். குழுவின் சராசரியை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உரியதாகக் கொள்வதில் உள்ள இப்பிழையை டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இலேயே சுட்டிக்காட்டினார்.

பகுதியைச் சிறிதாக்குவதே இதற்குத் தீர்வு என்பதால் 2016 திட்டம் முதன்மைப் பயிர்களுக்கு ஊரையே அலகாகக் கொள்ளச் சொன்னது. வட்டத்துக்குக் குறைந்தது 16 சோதனைகள், குறுவட்டத்துக்கு 10, ஊருக்கு 4 என விதி வகுக்கப்பட்டது. அலகு சிறிதாகும்போது சராசரி உழவருக்கு நெருக்கமாகிறது. ஆனால் நான்கே சதுரங்களை நம்பி நிற்பதால் அதன் உறுதி குறைகிறது.

இங்கே பல்நிலை மாதிரி ஒரு வழி காட்டுகிறது. ஊரின் சொந்தச் சராசரிக்கும் குறுவட்டச் சராசரிக்கும் இடையே எடையிட்டு மதிப்பிடலாம். முன்பு கொண்ட அதே 0.5இன்படி நான்கு சோதனைகள் நடந்த ஊருக்கு அதன் சொந்த எண்ணின் எடை 0.5 ÷ (0.5 + 0.5/4) = 0.8. ஊரின் சராசரி 8 கிலோ, குறுவட்டச் சராசரி 13 கிலோ எனில் மதிப்பீடு 0.8 × 8 + 0.2 × 13 = 9 கிலோ. சோதனை ஒன்றே நடந்திருந்தால் எடை 0.5 ஆகக் குறைந்து மதிப்பீடு 10.5 ஆகும். சான்று மெலியும்போது ஊர் அண்டை ஊர்களிடம் வலு கடன் வாங்குகிறது. 1988இல் பாட்டீஸ், ஹார்ட்டர், புல்லர் ஆகியோர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 12 கவுண்டிகளின் பயிர்ப் பரப்பைச் செயற்கைக்கோள் தரவின் துணையோடு இவ்வகையில் மதிப்பிட்டனர். இந்தியாவில் பிறந்த ஜே. என். கே. ராவ் 2003இல் எழுதிய சிறுபகுதி மதிப்பீட்டு நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.

ஆயினும் உழவரின் பக்கமிருந்து எழும் கேள்வி ஒன்று உண்டு. உத்தரவாத விளைச்சல் 10 கிலோ எனில், நேரடிச் சராசரியான 8 கிலோவின்படி இழப்பு 20 விழுக்காடு. மாதிரி தரும் 9 கிலோவின்படி 10 விழுக்காடு. இழப்பீடு பாதியாகிவிடும். எல்லா ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் மாதிரியின் பிழை குறைவு என்பது உண்மை. ஆனால் மெய்யாகவே மூழ்கிப்போன ஓர் ஊரை நன்றாக விளைந்த அண்டை ஊர்களை நோக்கி இழுப்பதும் அதே கணக்குத்தான். எனவே ஊர் நிலைக் காரணிகளைச் சேர்க்காமல் இம்முறையை இழப்பீட்டுக்குப் பயன்படுத்துவது நியாயமாகாது. வெள்ளம் நின்ற நாட்கள், வடிகால், கடைமடை நிலை ஆகியவற்றை மாதிரியில் சேர்த்தால், மூழ்கிய ஊர் தன்னைப் போல் மூழ்கிய ஊர்களோடு ஒப்பிடப்படும். தப்பிய ஊர்களோடு அல்ல.

2023 முதல் நெல், கோதுமைப் பயிர்களுக்குச் செயற்கைக்கோள் முதலிய தொழில்நுட்பங்களால் பெறும் விளைச்சல் மதிப்பையும் அறுவடைச் சோதனையின் எண்ணோடு எடையிட்டுச் சேர்க்கும் முறை நடுவண் அரசால் கொண்டுவரப்பட்டுள்ளது. எடை எவ்வளவு, அது எந்த நிலையின் தரவிலிருந்து வந்தது என்று கேட்கத் தெரிவது இனி புள்ளியியல் மாணவர்களுக்கு மட்டுமல்லாமல், காப்பீட்டுக் கட்டணம் செலுத்தும் படுகை உழவர்களுக்கும் தேவையான அறிவாகும்.