துருத்தியும் வாணமும்

வாணம் என்றதும் நமக்குக் கோயில் திருவிழா நினைவுக்கு வரும். ராக்கெட் என்றதும் ஸ்ரீஹரிகோட்டா நினைவுக்கு வரும். இவ்விரண்டிற்கும் நடுவே மற்றொரு வகையும் உண்டு. எரிபொருள் திண்மமாகவும், அதை எரியச் செய்யும் பொருள் திரவமாகவோ வாயுவாகவோ தனித்தும் இருக்கும் அவ்வகையை ஹைபிரிட் ராக்கெட் என்பர். கலப்பு ராக்கெட் என்று நாம் வழங்கலாம். அரசாங்கங்கள் நெடுங்காலம் அதிகமாகப் பொருட்படுத்தாத இத்துறையில், ஊதியம் கருதாது ஓய்வு நேரத்தில் உழைத்தவர்களே முதலடி எடுத்து வைத்தார்கள். அவர்களுடைய சரித்திரமே இன்றைய பேச்சின் பொருள்.

இதைப் பேச நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வசிக்கும் வடக்குப்பட்டு, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட தொழிற்சாலை வட்டாரத்தைச் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் இவ்வூரில் அகழ்ந்தபோது, கற்கால மனிதர் செய்த கல்லாயுதங்கள் வெளிப்பட்டன. இன்றோ இங்குள்ள இளைஞர்கள் மோட்டார் வாகன உறுப்புகளைக் கடைகிறார்கள், பற்றவைக்கிறார்கள், மயிரிழை அளவும் பிசகாமல் அளக்கிறார்கள். அவர்களுள் என்னிடம் பயின்ற சிலர் ஒருநாள் வந்து, “ஐயா, நாங்களே ஒரு கலப்பு ராக்கெட் செய்து ஏரிக்கரையில் விட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டனர். இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முறை. ஆகவே கொல்லன் பட்டறையிலிருந்து தொடங்குகிறேன். உலையில் கரி இருக்கிறது. துருத்தி காற்றை ஊதுகிறது. கரி கனன்று எரிகிறது. துருத்தியை நிறுத்தினால் கனல் தணிந்து விடுகிறது. கலப்பு ராக்கெட்டும் இத்தகைய உலையே. கரிக்குப் பதிலாக, நடுவில் துளையுடைய ரப்பர் அல்லது மெழுகு உருளை. காற்றுக்குப் பதிலாக, வேறொரு கலத்தில் அடைத்த பிராணவாயு அல்லது நைட்ரஸ் ஆக்ஸைடு. அடைப்பானைத் திறந்து தீ மூட்டினால் துளையின் உட்சுவர் எரிந்து, வெப்ப வாயுக்கள் பின்புறக் குறுவாய் வழியே சீறி வெளியேறும். அதன் எதிர்விளைவாக ராக்கெட் முன்னே செல்லும். அடைப்பானை மூடினால் தீ தணியும்.

வெடிமருந்து வாணம் அவ்வாறன்று. அதில் கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் ஒன்றாக இடிக்கப்பட்டிருக்கின்றன. வெடியுப்பு தனக்குள்ளேயே பிராணவாயுவைப் பொதிந்து வைத்திருக்கிறது. கரியும் துருத்தியும் ஒரே உருண்டைக்குள் அடைபட்டதைப் போன்றது அது; பற்றிக்கொண்ட பின் நிறுத்துவார் எவரும் இல்லை. மருந்தில் ஒரு விரிசல் இருந்தால் போதும், எரியும் பரப்பு திடீரெனப் பெருகிக் குழாயே சிதறக்கூடும்.

அத்தகைய வாணங்களின் ஆற்றலை நம் வட்டாரம் கண்ணெதிரே கண்டிருக்கிறது. காஞ்சிபுரத்திற்கு வடக்கே உள்ள புள்ளலூரில், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தார்கள். போரின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மைசூர் வாணம் விழுந்ததால் வெடித்தன என்பாரும், பீரங்கிக் குண்டினால் என்பாரும் உண்டு. மருந்தை இரும்புக் குழாயில் கெட்டித்து மூங்கில் கழியில் பிணைத்தது மைசூராரின் சிறப்பு. காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அவ்வாணங்கள் இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து தம் பெயரால் விளங்கும் ராக்கெட்டுகளைச் செய்தார். ஆயினும் அவையும் நிறுத்த முடியாத வாணங்களே.

கரியையும் துருத்தியையும் பிரித்து வைத்து ராக்கெட்டைப் பறக்கவிடும் முயற்சி மாஸ்கோவில் வெற்றி பெற்றது. 1931-இல் அங்கே ஒரு கட்டடத்தின் நிலவறையில் இளம் பொறியாளர் சிலர் கூடினர். ‘கிர்ட்’ என்பது அவர்கள் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். கூலியில்லாமல் உழைக்கும் பொறியாளர் குழு என்று அச்சுருக்கத்திற்கு அவர்களே வேடிக்கையாக விரிவு கூறிக்கொண்டனர். பின்னாளில் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பிய செர்கை கரோலியோவ் அக்குழுவின் தலைவர். ராக்கெட்டை வடிவமைத்தவர் மிகயில் திகன்ராவவ். திரவ பிராணவாயுவையும் திரவ பெட்ரோலையும் செலுத்துவதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். அதற்கு வசதி இல்லை. எனவே பெட்ரோலில் குங்கிலியப் பிசினைக் கரைத்துக் களிபோல் இறுகச் செய்து, எரியறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். திரவ பிராணவாயு தன் ஆவியின் அழுத்தத்தாலேயே உள்ளே பாய்ந்தது. ஆக, கலப்பு ராக்கெட் பறந்தது வறுமை கற்பித்த வழி என்றே நான் கருதுகிறேன்.

1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், மாஸ்கோவை அடுத்த நகாபினோ என்னுமிடத்தில் அந்த ராக்கெட் மேலெழுந்தது. அதன் நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர், எடை 19 கிலோகிராம். அது 18 விநாடி பறந்து 400 மீட்டர் உயரம் எட்டியது. பிறகு எரியறையின் இணைப்பொன்று பழுதாகிச் சாய்ந்து வீழ்ந்தது.

அடுத்த பெயரும் ஒரு சங்கத்தின் பெயரே. அமெரிக்கக் கலிபோர்னியாவில் பசிபிக் ராக்கெட் சங்கத்தார் 1940-களில் திரவ பிராணவாயுவுடன் மரக்கட்டை, மெழுகு, ரப்பர் என ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்தனர். ரப்பரே ஏற்றதெனக் கண்டு, 1951 ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உயரத்திற்குச் செலுத்தினர். எனினும் பெரிய நிறுவனங்கள் இதைப் பெரிதும் நாடவில்லை. ரப்பர் மெதுவாகவே எரியும். விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே தேய்கிறது எனலாம். பெருவிசை வேண்டுமானால் பல துளைகள் இட்டுப் பரப்பைக் கூட்ட வேண்டும். 1990-களின் இறுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் மெழுகை மீண்டும் கையிலெடுத்தனர். எரியும் மெழுகின் மேற்பரப்பு உருக, வேகமாய்ப் பாயும் வாயு அவ்வுருகலைத் திவலைகளாய் அள்ளிச் செல்வதால் அது ரப்பரைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாக எரிவதைக் கண்டனர்.

2004-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், தனியார் செய்த ‘ஸ்பேஸ்ஷிப் ஒன்’ ஒரு மனிதரை விண்வெளியின் விளிம்புக்குக் கொண்டு சென்று மீண்டது. அதன் விசைப்பொறியில் இருந்தவை ரப்பரும் நைட்ரஸ் ஆக்ஸைடுமே. மருத்துவர்கள் மயக்கத்திற்குத் தரும் அதே சிரிப்பூட்டும் வாயுதான் இது. சாந்தமான பொருள் என்று பலரும் எண்ணியிருந்தனர். 2007 ஜூலை 26-ஆம் நாள் கலிபோர்னியாவின் மொகாவியில், தீயே மூட்டாமல் அவ்வாயுவைக் குழாயில் பாய்ச்சிப் பார்த்தபோது கலம் வெடித்து மூவர் மாண்டனர். நைட்ரஸ் ஆக்ஸைடு சிதையும்போது தானே வெப்பத்தை வெளியிடும். அது வெடிக்க எரிபொருள் துணை வேண்டுவதில்லை.

நம் நாட்டு மாணவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். அவ்வாயு 20 பாகை வெப்பத்தில் காற்றழுத்தத்தைப் போல் 50 மடங்கு அழுத்தத்துடன் கலத்தினுள் திரவமாக இருக்கும். 36.4 பாகையைக் கடந்தால் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. குளிர் நாட்டார் எழுதிய குறிப்புகளில் இது சிறு செய்தியாகத் தோன்றலாம். கத்திரி வெயிலில் 40 பாகை காணும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திற்கு அது தலையாய செய்தி. நிழலில்லாத வெளியில் வைத்த கலத்தின் அழுத்தம், கணக்கிட்டதைக் கடந்து ஏறிவிடும்.

நான் பணியாற்றிய ஓர் ஊரில், தீக்குச்சி மருந்தைச் சுரண்டிச் சைக்கிள் பம்புக் குழாயில் கெட்டித்த ஒரு மாணவன் வலக்கையில் இரு விரல்களை இழந்தான். படிப்பில் முதல்வன் அவன். பின்னர் இடக்கையால் எழுதிப் பழகித் தேர்வில் வென்றான். வெடிமருந்தை வீட்டில் செய்வதற்கு 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இடங்கொடாது. அச்சட்டத்தைக் குறைகூறும் ஆர்வலர்களைக் கண்டிருக்கிறேன். அவ்விரல்களைக் கண்ட எனக்கு அதில் குறை தோன்றவில்லை.

அப்படியானால் நம்மவர்க்கு வழியே இல்லையா? உண்டு. மாமல்லபுரத்திற்குச் சற்று வடக்கே, கடற்கரையில் பட்டிபுலம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்து 2023 பிப்ரவரி 19-ஆம் நாள், டாக்டர் அப்துல் கலாம் பெயரைத் தாங்கிய ஒரு கலப்பு ராக்கெட் ஏவப்பட்டது. பள்ளி மாணவர்கள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் சேர்ந்து செய்த 150 சிறு கருவிப் பெட்டகங்கள் அதில் ஏறின. மார்ட்டின் அறக்கட்டளையும் சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் ஸோன் இந்தியாவும் நடத்திய பணி அது. 2024 ஆகஸ்டு 24-ஆம் நாள், திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ மூன்று கியூப் பெட்டகங்களையும் 50 சிறு பெட்டகங்களையும் சுமந்து எழுந்தது. பத்திரிகைகள் இவற்றைச் செயற்கைக்கோள்கள் என்றே எழுதின. பூமியைச் சுற்றி வர விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். இவை மேலே சென்று, அளந்து, கீழே இறங்கியவை. அதில் சிறுமை ஒன்றுமில்லை. ஆனால் மாணவர் வேறுபாட்டை அறிந்து பேச வேண்டும்.

அரசு நிறுவனமும் இப்போது இத்துறையில் கைவைத்திருக்கிறது. 2022 செப்டம்பர் 20-ஆம் நாள், நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் இஸ்ரோ 30 கிலோநியூட்டன் விசையுள்ள கலப்புப் பொறியை 15 விநாடி இயக்கிச் சோதித்தது. ரப்பர் வகை எரிபொருளும் திரவ பிராணவாயுவும் அங்கே எரிந்தன.

என் மாணவர்க்கு நான் கூறிய விடையைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரை வேண்டாம், ஒரு பொறியியற் கல்லூரியின் ஆசிரியரையும், உரிய அனுமதியையும், தடித்த சுவரையும் தேடிக்கொள்ளுங்கள் என்றேன். உங்கள் கைக்குப் பழக்கமான வேலை அதற்கு முன்பே நிறைய இருக்கிறது. குழாயைக் கடைந்த பின் அதில் நீரை நிரப்பி, தாங்க வேண்டிய அழுத்தத்திற்கும் மேலே ஏற்றி, ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். நீர் சுருங்குவதில்லை, ஆகையால் கலம் பிளந்தாலும் வாயுவைப் போல் சீற்றத்துடன் சிதறாது. ஆயினும் காற்றுக் குமிழி ஒன்றும் உள்ளே தங்காதபடி பார்த்து, சுவருக்கு அப்பால் நின்று முள்ளை நோக்குங்கள். மூன்று பேர் அவ்வாறே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் குழாய், பற்றவைத்த இடத்தில் கசிந்தது.