மசகெண்ணெய்த் தடிமனும் உராய்வும்: பேராக்

இயந்திரத்தின் அசையும் பாகங்களுக்கு நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் கனத்தை எண்ணெயின் பாகுத்தன்மை, வேகம், பாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. முதலிரண்டும் கூடினால் படலம் தடிக்கும். பாரம் கூடினால் மெலியும். படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெயும் நல்லதன்று. தன் உள் உராய்வாலேயே ஆற்றலை விழுங்கிச் சூடேறும்.

படலத்தின் இந்த இயல்பு தெரியவந்த காலமும், மலேசிய மாநிலமான பேராக்கில் ரயில் ஓடத் தொடங்கிய காலமும் ஒன்றே. அங்கே தைப்பிங்–போர்ட் வெல்ட் ரயில் பாதை 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. லாருட் வட்டாரத்தின் வெள்ளீயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அமைந்த, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளப் பாதை அது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர், இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக உருளை அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். 4 அங்குல விட்டமுள்ள அச்சின்மேல் அமர்ந்த பித்தளைத் தாங்கியில் எண்ணெய் விடுவதற்காக அவர் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டை அடித்தார், அதுவும் நிற்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிற்று. தாங்கியின் சராசரிப் பாரமோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். சுழலும் அச்சே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துச் சென்று, அந்தப் படலத்தின்மேல் மிதக்கிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. எண்ணெயில் மூழ்கிச் சுழன்ற அச்சில் உராய்வு பாரத்தின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாடு தந்தார்.

வேகம் கூடக் கூட உராய்வு முதலில் இறங்கி, ஓர் அடிமட்டத்தைத் தொட்டு, மீண்டும் ஏறும் வளைகோடு ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் (1902) பெயரால் வழங்குகிறது. அடால்ஃப் மார்ட்டென்ஸும் ராபர்ட் தர்ஸ்டனும் அந்த அடிமட்டத்தை அவருக்கு முன்பே கண்டதாகக் கொள்வோரும் உண்டு.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில், வாளிச் சங்கிலியால் வெள்ளீயம் தோண்டும் மிதவைக் கப்பல்கள் 1913இல் பத்து காஜா அருகே வேலையைத் தொடங்கின. 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த தஞ்சோங் துவாலாங் 5ஆம் எண் கப்பலின் எடை சுமார் 4,500 டன். மெதுவாக நகர்ந்து பெரும் பாரம் இழுக்கும் அதன் வாளிச் சங்கிலிக்கு மெல்லிய எண்ணெய் தாங்காது. கிந்தாவில் தோண்டிய வெள்ளீயமே அச்சுத் தாங்கிகளில் வார்க்கும் வெள்ளை உலோகத்தின் முதன்மைச் சரக்கு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். படலம் ஒரு கணம் அறுந்தாலும், மென்மையான அந்த உலோகம் தான் தேய்ந்து அச்சைக் காக்கும்.

ரப்பர் தோட்டங்களில் உறைந்த ரப்பர் பாலைத் தகடாக்கும் உருளைகளும் மெல்லச் சுழல்பவையே; அவற்றுக்கும் கெட்டி எண்ணெயோ கிரீஸோ வேண்டும்.

அண்மைக் காலக் கார்களுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய்கள் வந்துள்ளன. 0டபிள்யூ என்ற குறி பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை செல்சியஸ் குளிரில் சோதித்துத் தரப்படுவது. ஈப்போவின் வெயிலில் ஓடும் வண்டிக்கு அதன் பின்வரும் 20 என்ற எண்ணே முக்கியம்.