நியூயோர்க்கின் முதியோர் விடுதிகள்: தெரிவு யாருடையது?

இடுப்பெலும்பு முறிந்த தாயொருத்தி வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கின்றாள். சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, ஆயினும் இனி அவள் தனித்து வாழ இயலாது. வைத்தியசாலையார் மகளின் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து, சில தினங்களுள் ஒரு பராமரிப்பு விடுதியைத் தெரிவு செய்யுமாறு கூறுகின்றனர். நியூயோர்க் மாநகரில் இது நாள்தோறும் நிகழும் காட்சி. அங்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விடுதிகள் உள. தெரிவு செய்யும் உரிமையைச் சட்டமே அவளுக்கு வழங்கியிருக்கின்றது. ஆனால் அந்தப் பட்டியல் எவ்வாறு உருவாயிற்று? அதனை வரலாற்றில் வைத்து நோக்கினாலன்றி, அவள் கையிலுள்ள உரிமையின் பெறுமதியை நாம் அளவிட முடியாது.

அந்நகரின் முதலாவது ஏழையர் விடுதி 1736இல் எழுந்தது. ஆதரவற்ற முதியோரும் நோயாளரும் வேலையற்றோரும் அங்கு ஒருங்கே அடைக்கப்பட்டனர். 1828இல் நகராட்சி கிழக்கு ஆற்றின் நடுவேயுள்ள பிளாக்வெல் தீவை விலைக்கு வாங்கியது. சிறைச்சாலை, மனநோயாளர் வைத்தியசாலை, ஏழையர் விடுதி ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக அத்தீவில் அமைந்தன. வறுமையும் முதுமையும் குற்றத்தின் அயலிலே குடியமர்த்தப்பட்டன. அத்தீவுக்கு அனுப்பப்படுதல் என்பது அந்நகரத்து உழைப்பாளியின் வாழ்நாள் அச்சமாயிற்று.

இந்த அவமானத்தை ஒழிக்கும் நோக்கம் 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்தது. வறிய முதியோருக்குப் பண உதவி வழங்க அச்சட்டம் வழிசெய்தது. ஆனால் அரசாங்க விடுதிகளில் வாழ்வோருக்கு அவ்வுதவி இல்லை என்றும் விதித்தது. ஏழையர் விடுதிகள் தாமே மறைந்துவிடும் என்பது சீர்திருத்தவாதிகளின் எதிர்பார்ப்பு. விளைவோ வேறாயிற்று. பிறர் துணையின்றி வாழ முடியாத முதியோர் உதவிப் பணத்துடன் தனியார் வீடுகளின் கதவைத் தட்டினர். அறைகளை வாடகைக்கு விட்டோர் ஒரு தாதியை அமர்த்தி விடுதிக்காரர் ஆயினர். அரசாங்கப் பணத்தில் தனியார் நடத்தும் முதுமை வாணிபத்துக்கு இவ்வாறு கால்கோள் இடப்பட்டது. தீய எண்ணத்தால் அன்று, நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு விதியால் அது பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1965இல் வறியோருக்கான மருத்துவ உதவித் திட்டமாகிய மெடிக்கெயிட் வந்தபோது அவ்வாணிபம் பெருந்தொழிலாயிற்று. பத்தாண்டுகளுக்குள் அதன் உட்புறம் வெளிச்சத்துக்கு வந்தது. மன்ஹற்றனில், பழைய புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடத்தில் 'டவர்ஸ்' என்னும் விடுதி இயங்கி வந்தது. அதன் அதிபர் பேர்னார்ட் பேர்க்மன். முதியோர் அங்கு பராமரிப்பின்றி வாடிய செய்திகள் பத்திரிகைகளில் வெளிவந்தன. 1975இல் விசேட வழக்குத் தொடுநராகச் சார்ள்ஸ் ஹைன்ஸ் நியமிக்கப்பட்டார். 1976இல் மெடிக்கெயிட் மோசடிக் குற்றத்தைப் பேர்க்மன் ஒப்புக்கொண்டார். சமஷ்டி நீதிமன்றம் விதித்த தண்டனை நான்கு மாதச் சிறை.

1987இல் நாடு முழுவதற்குமான சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. முதியோரைத் தேவையின்றிக் கட்டிவைப்பதையும், மருந்தூட்டி மயக்கி வைப்பதையும் அது தடுத்தது. உதவிப் பணியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டுமென்றது. 2008இல் விடுதிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறையும் வந்தது. மகளின் தெரிவுக்கு ஒரு விளக்குக் கிடைத்தது உண்மையே. எனினும் பணியாளர் தொகையைத் தொடக்கத்தில் விடுதிகளே தம் வாயாற் கூறின. பின்னரே சம்பளப் பதிவேட்டைக் கொண்டு கணிக்கும் வழக்கம் ஏற்பட்டது. மாணவன் தனக்குத் தானே புள்ளியிடும் பரீட்சையின் பெறுமதியை எமது ஆசிரியர்கள் அறிவர்.

பணத்தின் வழியையும் நாம் காணவேண்டும். முதியோருக்கான மெடிக்கெயார் காப்புறுதி, வைத்தியசாலையிலிருந்து வருவோருக்கு 100 நாள் வரை மட்டுமே துணை நிற்கும். அதன்பின் குடும்பம் தன் சேமிப்பைச் செலவிட வேண்டும். அது கரைந்த பின்னரே மெடிக்கெயிட் கைகொடுக்கும். ஏழையாவதே உதவி பெறும் தகுதி! குறுகிய காலம் தங்கும் மெடிக்கெயார் நோயாளியால் விடுதிக்கு வருவாய் மிகுதி. நெடுங்காலம் தங்கும் வறியவரால் வருவாய் குறைவு. ஆகவே மகள் விடுதியைத் தெரிவு செய்யுமுன் விடுதி அவளது தாயைத் தெரிவு செய்கின்றது.

2020இல் கொவிட் தொற்று இந்த அமைப்பின் திரையைக் கிழித்தது. விடுதிகளில் நிகழ்ந்த மரணங்கள் குறைத்துக் காட்டப்பட்டன என்றும், பணியாளர் குறைந்த விடுதிகளில் மரணம் மிகுந்தது என்றும் மாநிலச் சட்டமா அதிபர் லெற்றீசியா ஜேம்ஸ் 2021 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை காட்டியது. அவ்வாண்டிலேயே இரு சட்டங்கள் எழுந்தன. ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரப் பராமரிப்பு வேண்டுமென ஒன்று விதித்தது. வருமானத்தில் நூற்றுக்கு 70 பங்கை நேரடிப் பராமரிப்பிற் செலவிடுமாறு மற்றது பணித்தது. இரண்டாவதை எதிர்த்து விடுதி உரிமையாளர் பலர் நீதிமன்றம் ஏறினர். அவர்களுக்கு எது வலித்தது என்பதை இதினின்றும் அறியலாம்.

எனவே, பட்டியலுடன் நிற்கும் மகளுக்கு வரலாறு கூறும் புத்தி யாது? முன்மண்டபத்துப் பூச்சாடியைப் பாராதே. ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய்ப் பார். மணியடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகின்றது என்று கவனி. இரவில் ஒரு பணியாளர் எத்தனை பேரைப் பார்க்கின்றார், அவர் அங்கு எத்தனை ஆண்டு நிலைத்திருக்கின்றார், விடுதியின் உண்மை உடைமையாளர் யார் என்று கேள். தாயின் உடலைப் புரட்டிப் படுக்கவைக்கும் கைகளின் எண்ணிக்கையே அவளது ஆயுளை நிர்ணயிக்கின்றது. அக்கைகள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களுடையவை, குடியேறி வந்த பெண்களுடையவை. அவர்களது கூலிப் போராட்டமும் தாயின் நலனும் வெவ்வேறல்ல.

டவர்ஸ் கட்டடம் இன்று செல்வந்தரின் மாடிக்குடியிருப்பு. பிளாக்வெல் தீவு ரூஸ்வெல்ட் தீவெனப் பெயர் மாறிவிட்டது. 1939இல் அங்கு திறக்கப்பட்ட கோல்ட்வோட்டர் வைத்தியசாலை 2013இல் மூடப்பட்டு, அந்நிலத்தில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் எழுந்துள்ளது. தீவின் வடமுனையில், 1952இல் நகராட்சி திறந்த கோலர் நிலையம் மட்டும் வறியோரை இன்னும் ஏற்று வருகின்றது. தனிமனிதரின் தெரிவு பட்டியலுக்குள் அடங்கியது; பட்டியலையே மாற்றும் தெரிவு சமுதாயத்தின் கையில் இருக்கின்றது. முதுமை எவரையும் விட்டுவைப்பதில்லை. அந்த இரண்டாவது தெரிவை எமது கால்கள் தளருமுன்னரே நாம் செய்தாக வேண்டும்.