வெண்சங்கைச் சோதனை உயிராகக் கொள்ளல்: மன்னார் வளைகுடாவும் படகுப்பூச்சு நஞ்சுகளும்

ஒரு வேதிப்பொருள் நீர்வாழ் உயிர்களுக்கு எந்த அளவில் கேடு செய்யும் என்பதை அறிய உலகெங்கும் ஏறத்தாழ ஒரே முறையைத்தான் கையாள்கிறார்கள். அப்பொருள் கரைந்த நீரில் பாசியை 72 மணி நேரமும், டாப்னியா என்னும் நன்னீர்த் தெள்ளை 48 மணி நேரமும், மீனை 96 மணி நேரமும் வைக்கிறார்கள். மூன்றில் எது மிகக் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படுகிறதோ அந்த அளவை, வேறு தரவு இல்லாதபோது, ஆயிரத்தால் வகுத்து, அதற்குக் கீழே அச்சமில்லை என்று கொள்கிறார்கள். இராமநாதபுரம், இராமேசுவரம் கரைகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே கேடு சாவாக வருவதில்லை, மலடாக வருகிறது. நான்கு நாள் சோதனையில் அது புலப்படாது.

இதற்கு முதற்சான்று டிரைபியூட்டைல்டின் என்னும் கரிமத் தகரச் சேர்மம். கொட்டலசும் பாசியும் அடிப்பாகத்தில் ஒட்டாதிருக்க 1960களிலிருந்து கப்பற்பூச்சுகளில் இது சேர்க்கப்பட்டது. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்துப்போக, அந்நாடு 1982இல் சிறு படகுகளுக்கு இதைத் தடைசெய்தது. அதற்கு முன்பே, 1970இல், இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்திருப்பதை ஸ்டீபன் பிளேபர் பதிவுசெய்திருந்தார். அந்த வளர்ச்சி முட்டை வெளிவரும் வழியை அடைத்துவிடும். முட்டைக்கூடுகள் உள்ளேயே தேங்க, பெண் நத்தை மலடாகும், முற்றினால் சாகும். நீரில் இச்சேர்மம் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோகிராம் இருந்தாலே இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது.

கணக்கு இங்கேதான் தவறுகிறது. இச்சேர்மம் மீனைக் கொல்லும் அளவு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம். ஐந்து மைக்ரோகிராம் என்று கொண்டு ஆயிரத்தால் வகுத்தால் ஐந்து நானோகிராம் வரும். பாதுகாப்பானது என்று சொல்லப்படும் அந்த நீரில் நத்தை மலடாகிவிடும். கடலுக்கென்று பத்தாயிரத்தால் வகுக்கும் விதியும் உண்டு. அதன்படி தப்பலாம். ஆனால் அது வகுத்த எண் பெரிதாக இருந்ததால் கிடைத்த தப்பிப்பு. உயிரின் உடலமைப்பை அறிந்ததால் வந்ததல்ல. ஐரோப்பிய ஒன்றியம் பின்னாளில் ஆண்டுச் சராசரி வரம்பை லிட்டருக்கு 0.2 நானோகிராம் என்று வைத்தது. அதற்குள் பிளிமத் சுற்றுவட்டத்தில் பல பாறைகளில் அந்த நத்தையே இல்லாமல் போயிருந்தது.

நம் வெண்சங்கும் அதே நத்தை வரிசையைச் சேர்ந்தது. ஆண், பெண் வேறு வேறு. ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியச் சங்கைப் பற்றி 1914இல் வெளியிட்ட நூலில் இதன் முட்டைக்கூட்டை விவரித்திருக்கிறார். கிடாக்கொம்பு போல் முறுக்கிய கூடு. அதன் அடிமுனையைத் தாய்ச்சங்கு மணலுக்குள் ஊன்றி நிறுத்துகிறது. கூடு அடுக்கடுக்கான அறைகளாகப் பிரிந்திருக்கும். குஞ்சுகள் அறைக்குள்ளேயே உருப்பெற்று, ஓட்டோடு ஊர்ந்து வெளிவருகின்றன. நீரில் மிதந்து திரியும் இளம்பருவம் இதற்குக் கிடையாது. சூழலியலில் இதன் பொருள் மிகக் கடுமையானது. ஒரு சங்குப்படுகையில் பெண்கள் மலடானால், நீரோட்டம் வேறிடத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்க்காது. பிளிமத் நத்தை மீளத் தவித்ததும் இதே காரணத்தால்தான். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் சங்கு குளித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு மீன் சோதனையின் முடிவு எந்த உறுதியும் தருவதில்லை.

உணவு வழியும் உண்டு. சங்கு மணலில் புதைந்து வாழும் புழுக்களைத் தின்கிறது. டிரைபியூட்டைல்டின் தெளிந்த நீரில் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் சிதைந்துவிடும். காற்றுப்புகாத சேற்றிலோ பல ஆண்டுகள் தங்கும். ஆகவே நீரை மட்டும் மொண்டு அளப்பவர் நஞ்சு இல்லை என்று நேர்மையாகவே எழுதிவிட முடியும். முன்பு கப்பல் உடைத்த வாலிநோக்கம் போன்ற இடங்களில் அளக்க வேண்டியது அடிமண்ணை. உடைபட்ட அடிப்பாகத்தின் பூச்சுச் செதில்கள் போய்த் தங்குமிடம் அதுதான்.

இச்சேர்மத்தைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டம்பர் 17 அன்று நடப்புக்கு வந்தது. இந்தியா 2015இல் அதில் இணைந்தது. ஆனால் அவ்வுடன்படிக்கை சான்றிதழ் கேட்பது 400 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களிடம். 24 மீட்டருக்கு மேற்பட்டவை உறுதிமொழி தந்தால் போதும். இராமேசுவரத்து விசைப்படகு இரண்டிலும் அடங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி, கொட்டலசைச் சுரண்டி, புதிதாகப் பூசுகிறார்கள். சுரண்டியது அங்கேயே மணலில் விழுகிறது. கடல்நீர் மிகச் சூடேறி, பவளங்கள் வெளுக்கும் அபாயம் கூடியிருக்கும் மாதங்களும் அவைதாம். 2010இலும் 2016இலும் இக்கடலில் பெரும் வெளுப்பு நேர்ந்தது. குளிர்ந்த ஆய்வகத் தொட்டியில் 20 டிகிரியில் பெற்ற எண்ணை, 30 டிகிரியைத் தாண்டும் இந்த நீருக்கு அப்படியே பொருத்துவது அறிவியலாகாது.

தகரச் சேர்மத்துக்கு மாற்றாகச் செம்பு ஆக்சைடும், அதற்குத் துணையாகச் சைபுட்ரைன் போன்ற பாசிக்கொல்லிகளும் வந்தன. சைபுட்ரைன் மீனைக் கொல்ல லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் வேண்டும். பாசியின் ஒளிச்சேர்க்கையை நிறுத்த அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். பவளத்துக்கு உணவூட்டும் நுண்பாசியும், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல்லும் வாழ்வது ஒளிச்சேர்க்கையால்தான். 2023 ஜனவரி முதல் இதுவும் அதே உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் உள்ளது. ஒவ்வொரு முறையும் தடை, கேட்டுக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது.

மீனவர்கள் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அழைப்பதில் கணிசமான கடலறிவு உண்டு. அலை அடங்கிய, சராசரியாகப் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாத பெண்கடலில் கரைந்தது எளிதில் கலைந்து போகாது. இரு கடலுக்கும் ஒரே நீர்த்தல் விகிதத்தைக் கணக்கில் போடக்கூடாது. மதிப்பீடு மூன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பெண் சங்குகளின் இனப்பெருக்க உறுப்பு ஆய்வு, கடற்புல்லின் ஒளிச்சேர்க்கை அளவீடு, படகு கரையேற்றும் இடங்களில் அடிமண் சோதனை. சங்கு குளிப்பவர் எடுத்துவரும் சங்கின் சதையிலேயே முதல் ஆய்வைச் செய்யலாம். அதற்காகத் தனியே ஒரு சங்கையும் கொல்ல வேண்டியதில்லை. அடிமண்ணை ஏப்ரலில் படகு ஏறுமுன் ஒருமுறையும், ஜூனில் இறங்கியபின் ஒருமுறையும் எடுக்க வேண்டும். பூசிய பூச்சில் என்ன நஞ்சு கலந்திருக்கிறது என்பதைப் படகின் பதிவு ஏட்டிலேயே எழுதச் செய்தால், மண்ணில் கண்டது எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும்.