புட்டியின் மேல் ஒரு பெயர்

முதன்முறையாக ஒயின் வாங்கச் செல்பவர் தயங்கி நிற்பது சுவையின் முன் அன்று, பெயர்களின் முன். ஷிராஸ், ஷெனின் பிளாங்க், கேபர்னே சொவின்யோன் என அடுக்கியிருக்கும் புட்டிகளுள் எதை எடுப்பது என்று கேட்கவும் கூச்சம். இச்சொற்களை அறியாதிருப்பது இரசனைக் குறைபாடு என்ற எண்ணம் நகர்ப்புற இந்தியாவில் வேரூன்றி வருகிறது. ஆனால் அப்பெயர்களின் வரலாறு அவ்வெண்ணத்திற்கு இடம் தரவில்லை.

நெடுங்காலம் ஒயினுக்கு ஊரே பெயராக இருந்தது. போர்தோ, பர்கண்டி, ஷாப்லி யாவும் இடப்பெயர்களே. முகலாய இந்தியாவிலும் அதே நிலைதான். பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே, 1663இல் தில்லியைப் பற்றி எழுதிய கடிதத்தில், அங்குக் கிடைத்த ஒயின்களாக இரண்டைக் குறிப்பிடுகிறார். ஒன்று பாரசீகத்து ஷிராஸ் நகரினது. மற்றொன்று டச்சுக்காரர் சூரத்துக்குக் கொணர்ந்த கனாரித் தீவுகளினது. இரண்டும் விலை மிக்கவை. வாங்குபவர் அறிய வேண்டியிருந்தவை இரண்டு ஊர்ப்பெயர்கள் மட்டுமே.

ஊர்ப்பெயருக்குள் தரவரிசை நுழைந்தபோது அதை வகுத்தவர்கள் வணிகர்கள். 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதன் பேரில், போர்தோவின் தரகர்கள் அவ்வட்டாரச் சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்தனர். அவர்கள் கொண்ட அளவுகோல், ஒவ்வொரு தோட்டத்தின் ஒயினும் சந்தையில் பெற்றுவந்த விலை. இன்றும் வியந்து பேசப்படும் அப்பட்டியல் பிறப்பில் ஒரு விலைக்கணக்கு.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கிய பின், கலிஃபோர்னியத் தயாரிப்பாளர்கள் தம் ஒயின்களைப் பர்கண்டி, ஷாப்லி என்ற இரவல் பெயர்களிலேயே விற்றனர். அவற்றைக் கைவிட்டுத் திராட்சை வகையின் பெயரை அச்சிட வேண்டும் என வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர் ஒயின் வணிகரும் எழுத்தாளருமான ஃபிராங்க் ஷூன்மேக்கர். இவ்வழக்கம் பரவியதால் ஒரு நன்மை விளைந்தது. ஒரு புட்டியை விரும்பியவர், அதே திராட்சையை வேறொரு தோட்டத்தின் புட்டியிலும் தேட முடிந்தது.

இந்தியா இந்த மரபையே ஏற்றது. நாசிக்கில் 1999இல் தொடங்கப்பட்ட சுலா நிறுவனம் முதலில் வெளியிட்டவை சொவின்யோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் ஆகியவை. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்தது. நாசிக்கைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின.

இவ்வரிசையில் ஷிராஸ் தனிக்கதை. பெர்னியே காலத்தில் அது ஊர். இன்று அது திராட்சை. அத்திராட்சை பாரசீகத்திலிருந்து வந்தது என்ற கதை நூல்களிலும் நெடுநாள் வழங்கியது. 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வு, அதன் பெற்றோர் இரண்டும் தென்கிழக்குப் பிரான்சின் திராட்சைகள் எனக் காட்டியது. முகலாயத் தில்லியின் ஷிராஸுக்கும் நாசிக்கின் ஷிராஸுக்கும் பொதுவாக எஞ்சுவது ஒலி மட்டுமே. கற்றவர்களையே பெயர் இவ்வளவு காலம் ஏமாற்றியிருக்க, புதியவர் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

அவருக்குத் தேவையான அறிவு சிறிது. ஷெனின் பிளாங்க் பெரும்பாலும் மென்மையானது, சிலவற்றில் இலேசான இனிப்பும் உண்டு. சொவின்யோன் பிளாங்க் புளிப்புத் தூக்கலானது. சிவப்பு ஒயின் தோலோடு நொதிப்பதால் துவர்ப்புடையது. ஷிராஸில் மிளகின் சாயலும் தோன்றும். நாசிக்கில் அறுவடை சனவரி முதல் மார்ச் வரை நடைபெறுகிறது. புட்டியிலுள்ள ஆண்டு அறுவடையின் ஆண்டு. எளிய வெள்ளை ஒயினாயின் அண்மை ஆண்டைத் தேர்வதும், வெயில் படாமல் குளிர்ச்சியில் வைத்திருக்கும் கடையில் வாங்குவதும் நலம். பிடித்த ஒன்றின் திராட்சைப் பெயரைக் குறித்துவைத்து, அடுத்த முறை அதையே வேறு தோட்டத்தினதாக வாங்கி ஒப்பிட்டால் போதும். பெயர்கள் அந்தப் பழக்கத்தில் தாமே பொருள் பெறும்.